பதினேழு மூட்டை வண்டி

போன வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி பிக்கப் வண்டி எடுக்கப் போவதாகச் சொல்லி ஷோரூம் கொட்டேஷனைக் கொண்டுவந்து காட்டினாள். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2023 ஜூன் மாதம் நான் வாங்கி வந்த காகிதத்தில் இருந்த அதே வரிகள்: ஆக்சஸரீஸ் பேக்கேஜ், எக்ஸ்டெண்டட் வாரண்டி, இன்சூரன்ஸ், பைனான்ஸ். அவளை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசினேன். அன்றைக்கு என்னை இப்படி உட்கார வைத்துப் பேச ஒரு ஆள் இல்லை. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்கு வத்தலக்குண்டு. என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷமாக மலைக் காய்கறி வியாபாரம் பார்த்தவர். கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் கேரட், பீன்ஸ், முட்டைகோஸ் வாங்கி மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு இறக்குவார். 2022 கடைசியில் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கணக்கு வழக்கு எனக்குத் தெரியும், விவசாயிகளையும் தெரியும், அதனால் தொழிலை நான் கையில் எடுத்தேன். வண்டி மட்டும் எனக்குத் தெரியாத விஷயம். அதுவரை வாடகைக்கு ஒரு 407 லாரி வரும், 30 மூட்டை ஏறும், நடைக்கு 6,500 ரூபாய். சீசனில் வாரம் மூன்று நடை. மாசத்துக்கு இவ்வளவு வாடகை கொடுப்பதற்கு அந்தப் பணத்தில் தவணை கட்டிவிடலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பிக்கப் என்று நாம் சொல்லும் வண்டிகளில் பொலேரோ பிக்கப், யோதா, இன்ட்ரா, தோஸ்த், படா தோஸ்த் என்று பல உண்டு. ஒவ்வொன்றுக்கும் உள்ளே போனால் ஒரே பெயரில் நாலைந்து வகை. ஒன்றேகால் டன்னுக்குக் கொஞ்சம் மேல் ஏற்றுவது, ஒன்றரை டன், ஒன்றேமுக்கால் டன், எட்டு அடித் தொட்டி, ஒன்பது அடி, பத்து அடி, டீசல், சி.என்.ஜி., ஏசி உள்ளது, இல்லாதது. பார்க்க எல்லாம் ஒரே முகம்தான். நான் எந்தக் கம்பெனி வண்டி எடுத்தேன் என்பதைச் சொல்லப் போவதில்லை. வண்டியில் குறை ஒன்றும் இல்லை. எனக்கான வகையை நான் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஷோரூமில் அந்தப் பையன் நன்றாகப் பேசினான். என் மைத்துனர் துணைக்கு வந்திருந்தார், அதனால் பாதிப் பேச்சு அவரைப் பார்த்தே நடந்தது. பெரிய வகைக்கு ஏழு வாரம் காத்திருக்க வேண்டும், 1,300 கிலோ வகை நாலு நாளில் கிடைக்கும் என்றான். "மேடம், இதுக்கு பெர்மிட்டே வேணாம், செலவு மிச்சம். பேருக்குத்தான் 1,300. ரெண்டு டன் போட்டாலும் சும்மா இழுக்கும், எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க" என்றான். பெர்மிட் பற்றி அவன் சொன்னது உண்மைதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவுப்படி மொத்த எடை, அதாவது வண்டியும் பாரமும் சேர்ந்து, 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. ஆனால் அந்தச் சலுகை கிடைப்பதற்குக் காரணமே அது குறைவான பாரம் ஏற்றும் வண்டி என்பதுதான். அதை அவனும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பெரிய வகைக்கும் இதற்கும் விலையில் 70,000 ரூபாய் வித்தியாசம். அது மிச்சம் என்ற சந்தோஷத்தில் ஆக்சஸரீஸ் என்று 34,000 ரூபாய்க்குத் தலையாட்டினேன். டச் ஸ்கிரீன், சீட் கவர், வீல் கப், கதவுக்கு ஸ்டிக்கர். ஆன்ரோடு விலை 10,40,000. கையிலிருந்து 1,40,000 கட்டி மீதி 9,00,000 கடன். வட்டி ஏழு சதவீதம்தான் என்றார்கள். அது பிளாட் வட்டி என்று எனக்குத் தெரியாது. நாலு வருஷத்துக்கு 2,52,000 ரூபாய் வட்டி, மாதம் 24,000 தவணை. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முதல் நாள் தொகைக்கே போடப்படுகிறது. குறையும் வட்டிக் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட 13 சதவீதம் வரும். இரண்டு இடத்துக் கடனை ஒப்பிடும்போது சதவீதத்தை விட்டுவிட்டு, மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம், பாதியில் முடித்தால் எவ்வளவு பிடிப்பீர்கள் என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். மூன்றாவது கேள்வியை நான் கேட்காமல் விட்டதற்கு என்ன ஆயிற்று என்பது பின்னால் வரும்.

இன்னொன்றும் சொன்னார்கள். ஜி.எஸ்.டி. பில் போட்டுத் தருகிறோம், கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று. அப்போது சரக்கு வண்டிக்கு 28 சதவீதம். பெரிய தொகை. அதை மனசில் வைத்துத்தான் துணிந்தேன். பிறகு ஆடிட்டரிடம் போனால், பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது, வரி இல்லாத சரக்கு விற்கிறவர் வண்டிக்குக் கட்டிய வரியைக் கழிக்க முடியாது என்றார். அன்று வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை. நீங்கள் விற்பது என்ன சரக்கு என்று சொல்லி, வண்டி எடுப்பதற்கு முன்னாலேயே ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு வரி 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. இப்போது எடுப்பவர்களுக்கு அந்தச் சுமை கொஞ்சம் குறைவு.

வண்டி வந்ததும் பக்கப் பலகையை உயர்த்தி, மேலே தார்ப்பாய் போட இரும்புச் சட்டம் அடித்து, முன்னால் கம்பித் தடுப்பு வைத்தோம். 46,000 ரூபாய். நல்ல கனமான இரும்பாகப் போடச் சொன்னேன், நின்று உழைக்கட்டும் என்று. அந்த இரும்பும் பாரக் கணக்கில் சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் கேரட் மூட்டை 60 கிலோ. முதல் நடையில் வழக்கம்போல 30 மூட்டை ஏற்றச் சொன்னேன். மன்னவனூரிலிருந்து புறப்படும்போதே பின்பக்கம் அழுந்தி, முன் விளக்கு மரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டு போனது என்று டிரைவர் தம்பி பிறகுதான் சொன்னான். ஸ்டியரிங் லேசாகிவிட்டதாம், கொண்டை ஊசி வளைவில் திருப்பினால் ஒரு நொடி கழித்துத்தான் வண்டி கேட்குமாம். அவனுக்கு வயசு 24. பயத்தைச் சொன்னால் வேலை போய்விடும் என்று நினைத்திருக்கிறான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது. பணம் போனதை விட இதுதான் என்னை அறுக்கிறது. அந்தப் பிள்ளையின் அம்மா எனக்குத் தெரிந்தவர்.

ஆறாவது நடையில் மலை இறங்கியதும் நிறுத்தி எடை மேடையில் ஏற்றினார்கள். 3,730 கிலோ. ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை 2,950. அதிகம் 780 கிலோ. 2019-ல் திருத்திய சட்டப்படி அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000, அதற்கு மேல் டன்னுக்கு 2,000. நான் கட்டியது 22,000. அதிகப்படி மூட்டைகளை அங்கேயே இறக்கச் சொல்லிவிட்டார்கள். வேறு வண்டி பிடிக்க 3,500, ஆள்கூலி தனி. மாட்டுத்தாவணிக்குச் சரக்கு போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பதரை. ஏலம் முடிந்து, கிடைத்த விலைக்குத் தள்ளினோம். அந்த ஒரு நாளில் போனது நாற்பதாயிரத்துக்கு மேல்.

அன்று ராத்திரிதான் ஆர்.சி.யை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். மொத்த எடை 2,950, வெறும் வண்டி 1,650. கழித்தால் 1,300, சரி. அதில் நான் அடித்த இரும்பும் தார்ப்பாயும் கயிறும் 140 கிலோ. டிரைவரும் லோடுமேனும் இன்னொரு 140. மிச்சம் 1,020. அறுபதால் வகுத்தால் சரியாகப் பதினேழு மூட்டை. முப்பது மூட்டைக்கு என்று நான் வாங்கிய வண்டி பதினேழு மூட்டை வண்டி. இந்தக் கணக்கைப் போட எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. ஷோரூமுக்குப் போவதற்கு முந்தின நாள் அந்த ஐந்து நிமிஷத்தை ஒதுக்கியிருந்தால் போதும்.

அதனால் வண்டியின் பெயரில் போட்டிருக்கும் டன் கணக்கை நம்பி முடிவு செய்யாதீர்கள். எந்த வகை எடுக்க நினைக்கிறீர்களோ அதே வகை வைத்திருப்பவரிடம் ஆர்.சி.யைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், மொத்த எடையும் வெறும் எடையும் அதில் இருக்கும். கழித்து வரும் எண்ணிலிருந்து நீங்கள் சேர்க்கப் போகும் பாடி, ஆட்கள், கயிறு, தார்ப்பாய் எல்லாவற்றையும் கழியுங்கள். அதற்கு முன்னால் உங்கள் சரக்கை ஒரு நாள் எடை மேடையில் போட்டுப் பாருங்கள். எங்கள் கேரட்டைக் கழுவித்தான் மூட்டை பிடிப்பார்கள், ஈரத்தோடு ஏறும். காய்ந்த கேரட்டின் எடையை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

பிறகு பதினேழு மூட்டையோடு ஓட்டிப் பார்த்தோம். டீசல், டிரைவர் கூலி, டோல் எல்லாம் சேர்ந்து நடைக்கு 4,300. மூட்டைக்கு 253 ரூபாய். வாடகை வண்டியில் 217-தான் ஆகியிருந்தது. தவணையைச் சேர்க்காமலே நஷ்டம். அதனால் இரண்டு மூன்று மூட்டை கூட, நாலைந்து மூட்டை கூட என்று மறுபடி ஆரம்பித்தோம். மேலே போகும்போது உரமூட்டை வேறு. ஐந்தாவது மாதம் கிளட்ச் கருகியது. எட்டாவது மாதம் பின்னால் ஸ்பிரிங் பட்டை உடைந்தது. பட்டறைப் பெரியவர், "கூட ரெண்டு பட்டை சேர்க்கச் சொல்லி உன் டிரைவர் கேக்குறான். சேத்துத் தர்றேன் தாயி, வண்டி உக்காராது. ஆனா பிரேக்கு அதே பிரேக்குதானே, ஆக்சில் அதே ஆக்சில்தானே?" என்றார். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் நேர்மையான பதில் அது. பெரிய வகையில் ஸ்பிரிங், ஆக்சில், பிரேக், டயர் எல்லாம் சேர்ந்து மாறியிருக்கும், அந்த 70,000 ரூபாய் அதற்குத்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. பட்டையை மட்டும் சேர்த்தால் வண்டி நிமிர்ந்து நிற்கும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

நடுவில் பெருமாள்மலைப் பக்கம் ஓரமாக நிறுத்தியிருந்த வண்டியை ஒரு பஸ் உரசிவிட்டுப் போனது. பம்பர், முன் விளக்கு, பெயின்ட். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று போனால், சரக்கு வண்டிப் பாலிசியில் விளக்கு, பம்பர், மட்கார்டு, பெயின்ட் இவற்றுக்குத் தனியாக ஐ.எம்.டி. 23 என்று ஒன்று சேர்த்தால்தான் பணம் வரும் என்றார்கள். என் பாலிசியில் அது இல்லை. 18,600 ரூபாய் கையிலிருந்து போட்டேன். ஷோரூமில் டச் ஸ்கிரீனை விளக்கின நேரத்தில் கால்வாசி இதற்குச் செலவழித்திருக்கலாம். பாலிசித் தாளில் இந்த எண் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

பதினாலு மாதம் தாக்குப்பிடித்தேன். 2024 ஆகஸ்டில் 7,10,000-க்கு வண்டியை விற்றேன். கடனை முடிக்கப் போனால் அசல் பாக்கி 6,82,000, முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணமும் அதற்கு வரியும் சேர்ந்து 27,000. எனக்கு மிஞ்சியது ஆயிரம் ரூபாய். நான் போட்ட 1,40,000, பாடிக்குப் போட்ட 46,000, ஆக்சஸரீஸ் 34,000, பதினாலு தவணை எல்லாம் போனது போனதுதான். அந்த ஆயிரத்தில் என் வீட்டுக்காரருக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவருக்குப் பேச்சு சரியாக வராது. வலது கையால் என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

இரண்டாவது வண்டிக்கு நகையை அடகு வைத்தேன். இந்தத் தடவை ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஒரு மாதம் செலவழித்தேன். பட்டறைப் பெரியவரையும் டிரைவர் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஓட்டுகிறவனுக்குத் தெரிவது நமக்குத் தெரியாது. முதல் கேள்வி, மலை ஏற வண்டியில் என்ன இருக்கிறது என்பது. இதில் குதிரைசக்தியை மட்டும் பார்க்கக் கூடாதாம். கிரவுன்-பினியன், அதாவது பின் ஆக்சிலில் சக்கரத்தைச் சுற்ற வைக்கும் பெரிய, சின்னப் பல்சக்கரங்கள், அவற்றின் கணக்கைப் பெரியவர் சொல்லிக்கொடுத்தார். பினியனில் 9 பல், கிரவுனில் 41 பல் என்றால் 4.56. இந்த எண் கூடினால் இழுவை கூடும், வேகமும் மைலேஜும் குறையும். சமவெளியில் ஓட்டுகிறவர்களுக்குக் குறைந்த எண் லாபம். மலைக்கு ஓட்டுகிற எங்களுக்குக் கூடின எண் வேண்டும். வேகத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், சரக்கு வண்டியில் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாடு வைத்துத்தான் வருகிறது. சி.என்.ஜி. மலிவு என்றார்கள். இழுவை குறையும், மேலே நிரப்ப இடமில்லை என்று அதை விட்டோம். மதுரைக்குள்ளேயே சுற்றுகிற வண்டி என்றால் நான் அதைத்தான் எடுத்திருப்பேன்.

தொட்டி நீளத்தில் பத்து அடி மேல் எனக்கு ஆசை. தம்பிதான் தடுத்தான். "அக்கா, கொண்டை ஊசியில பின்பக்கம் தரையில தட்டும், ரெண்டு தடவை ரிவர்ஸ் எடுக்கணும். நம்ம சரக்கு கனம், எடம் கம்மியாத்தான் புடிக்கும். ஒம்பது அடி போதும்" என்றான். சரிதான். முட்டைகோஸ், பூ மாதிரி இடத்தை அடைக்கிற சரக்குக்கு நீளம் வேண்டும். கேரட், உருளைக்கிழங்குக்கு எடைதான் முதலில் நிரம்பும், தொட்டி பாதி காலியாகத் தெரியும். அந்தக் காலி இடத்தைப் பார்த்து மனசு கேட்காமல் ஏற்றுவதுதான் ஆபத்து.

டயரின் ஓரத்தில் உள்ள எண்ணையும் படிக்கக் கற்றுக்கொண்டேன். அளவுக்கு அடுத்து 100 என்றிருந்தால் ஒரு டயர் தாங்குவது 800 கிலோ, 108 என்றால் 1,000 கிலோ. மாற்றும்போது விலை குறைவு என்று சின்ன எண் டயரை மாட்டிவிடக் கூடாது. ஏசியை வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன், சொகுசு என்று. மழைக்காலத்தில் மலையில் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படியும், ஏசி போட்டால் ஒரு நிமிஷத்தில் விலகிவிடும் என்றான் தம்பி. 2025 அக்டோபர் முதல் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது. நம் வண்டிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, கேட்டு வாங்க வேண்டியதுதான். வாங்கினேன். பவர் ஸ்டியரிங், பனி விளக்கு, ஏசி இந்த மூன்றுக்கும் பணம் கொடுக்க யோசிக்கவில்லை. ஸ்டிக்கர் ஒன்றுகூட ஒட்டவில்லை.

பாடி வேலையைப் பதிவுக்கு முன்னாலேயே முடித்து, ஆர்.சி.யில் அந்த எடையோடு ஏற வைத்தோம். முந்தின வண்டியில் பதிவுக்குப் பிறகு செய்ததால் எப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போகும்போது கழற்றச் சொல்வார்கள் என்ற பயம் இருந்துகொண்டே இருந்தது. புது வண்டிக்கு முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எப்.சி., அதற்குப் பிறகு வருஷா வருஷம், அதனால் ஒவ்வொரு தடவையும் மல்லுக்கட்ட வேண்டாம். கேரட் தண்ணீர் வடிந்து தொட்டி துருப்பிடிக்கும் என்பதால் அடியில் ரப்பர் விரித்து, பின்மூலையில் தண்ணீர் போக ஓட்டை வைத்தோம். பெர்மிட் எடுக்க அலைந்தது இரண்டு நாள்தான். அதற்குப் பயந்தா அவ்வளவு பணத்தை இழந்தேன் என்று இருந்தது.

புது வண்டிக்கு மொத்த எடை 3,490, பாடியோடு வெறும் எடை 1,770, ஆட்கள் 140. மிச்சம் 1,580, அதாவது 26 மூட்டை. நடைக்கு 4,700 ஆகிறது, மூட்டைக்கு 181. தம்பி கேபின் கதவுக்கு உள்பக்கம் 26 என்று பெயின்டில் எழுதி வைத்திருக்கிறான். இருபத்தேழாவது மூட்டையை யாராவது தூக்கினால் கதவைத் திறந்து காட்டுவான்.

என் பழைய வண்டியை வாங்கியவர் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகையும் செண்டுமல்லியும் ஏற்றுகிறார். போன மாசம் மார்க்கெட் வாசலில் பார்த்தேன். நான் அடித்த அந்த உயரச் சட்டம் வரைக்கும் பூமூட்டை நிரம்பியிருந்தது, பின்பக்கம் கொஞ்சமும் அழுந்தவில்லை. வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஒரு கொறையும் இல்லக்கா, ஏன் வித்தீங்க?" என்றார்.